கோதுமை விதைக்குள் உறங்கும் பூஞ்சைகள்: எங்கே ஒளிகின்றன, எப்போது தடுக்கலாம்?

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் இறுதி முதல் பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், பீகார் ஆகிய மாநிலங்களில் கோதுமை விதைப்பு தொடங்குகிறது. 2023-24ஆம் ஆண்டில் நாட்டின் கோதுமை உற்பத்தி சுமார் 11.33 கோடி டன். தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகளுக்கு வரும் கோதுமையும், உணவகங்களில் பரோட்டாவாக மாறும் மைதாவும் பெரும்பாலும் வடமாநில வயல்களில் விளைந்தவையே.

இந்த வயல்களில் விதைக்கப்படும் விதையில் பெரும்பகுதி, விவசாயிகள் முந்தைய அறுவடையிலிருந்து எடுத்துவைத்தது. கோதுமை மலர் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால் ரகத்தின் இயல்பு எளிதில் மாறுவதில்லை. சொந்த விதையைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தலாம். செலவும் குறைவு. ஆனால் ரகத்தின் இயல்போடு சேர்ந்து, அந்த வயலின் நோயும் அடுத்த ஆண்டுக்குக் கைமாறுகிறது. கையில் அள்ளிப் பார்த்தால் பொன்னிறமாகவும் திரட்சியாகவும் தெரியும் மணிக்குள்ளும் பூஞ்சை இருக்கலாம்.

விதையையும் இளம்பயிரையும் தாக்கும் பூஞ்சைகள் பல. அவற்றின் பெயர்களைவிட, அவை எங்கே ஒளிந்திருக்கின்றன என்பதே விவசாயிக்கு முதன்மையான கேள்வி. சில விதையின் மேற்பரப்பில் தூசியாக ஒட்டியிருக்கும். சில கருவுக்குள்ளேயே உறங்கும். சில மண்ணில் காத்திருக்கும். ஒளிவிடத்தைப் பொறுத்தே மருந்தும், அதைப் பயன்படுத்தும் காலமும் அமைகின்றன.

மேற்பரப்பில் ஒட்டும் கருந்தூள்

மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் வகைக்கு எடுத்துக்காட்டு, நாற்றக் கரிப்பூட்டை நோய். இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் போன்ற மலைப்பகுதிகளில் இது காணப்படுவதால் இந்தியாவில் மலைக் கரிப்பூட்டை என்றும் குறிப்பிடப்படுகிறது. டில்லெஷியா இனத்தைச் சேர்ந்த இரு பூஞ்சைகள் இதற்குக் காரணம். பாதிக்கப்பட்ட கதிரின் மணிகள் வெளியே உமியுடன் இயல்பாகத் தோன்றினாலும், உள்ளே மாவுக்குப் பதிலாகக் கருந்தூள் நிறைந்திருக்கும். கதிரடிக்கும்போது மணிகள் உடைந்து, அழுகிய மீனின் வாடை எழும். தூள் நல்ல விதைகளின் மீதும் படியும். அந்த விதை குளிர்ந்த மண்ணில் முளைக்கும்போது, தூளில் உள்ள பூஞ்சை வித்துகளும் முளைத்து இளங்குருத்துக்குள் நுழைகின்றன.

பயிர் நோயியல் என்ற துறையின் தொடக்கப் பக்கங்களில் இந்த நோய்க்கு இடமுண்டு. பிரான்ஸ் நாட்டின் மாத்தியூ டில்லெ, கருந்தூள் பூசிய விதைகளையும் பூசாத விதைகளையும் தனித்தனிப் பாத்திகளில் விதைத்து, தூள் பூசிய விதையிலிருந்தே நோய் வருகிறது என்று 1755இல் வெளியிட்டார். அந்தத் தூள் உயிருள்ள பூஞ்சை என்பதையும், செம்பு கலந்த நீர் அதன் முளைப்பைத் தடுக்கிறது என்பதையும் 1807இல் பெனடிக்ட் பிரெவோ காட்டினார். மயில்துத்தக் கரைசலில் விதையை நனைத்து விதைக்கும் வழக்கம் அதன்பின் ஐரோப்பாவில் பரவியது. மேற்பரப்பில் உள்ள பகைவனை மேற்பூச்சு மருந்தால் வெல்ல முடிந்தது.

கருவுக்குள் உறங்கும் பூஞ்சை

அடுத்த நோயிடம் அந்த உத்தி செல்லுபடியாகவில்லை. இந்தியில் கண்டுவா என்றும் பஞ்சாபியில் கங்கியாரி என்றும் அழைக்கப்படும் உதிரிக் கரிப்பூட்டை நோயே அது. அஸ்டிலாகோ டிரிட்டிசி என்ற பூஞ்சையால் உண்டாகிறது. வட இந்தியக் கோதுமை விவசாயிகள் ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் பார்த்திருக்கக்கூடிய நோய் இது.

பாதிக்கப்பட்ட செடி முளைத்து, தூர் கட்டி, வளர்ந்து நிற்கும்வரை அதில் எந்தக் குறையும் பெரும்பாலும் தெரிவதில்லை. அதன் கதிர் மற்றக் கதிர்களைவிடச் சில நாள் முந்தி வெளிவருகிறது. வரும்போதே மணி இருக்கவேண்டிய இடமெல்லாம் கரித்தூள். அதை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு விரைவில் கிழிய, காற்று தூளை அள்ளிச் செல்கிறது. சில நாட்களில் வெறும் காம்பு மட்டும் நிற்கும்.

முந்தி வெளிவருவதில்தான் நோயின் சூழ்ச்சி அடங்கியிருக்கிறது. தூள் பறக்கும் நேரமும், அருகிலுள்ள நல்ல செடிகள் பூக்கும் நேரமும் ஒன்றாக அமைகின்றன. திறந்த மலருக்குள் விழும் பூஞ்சை வித்து முளைத்துச் சூலகத்துக்குள் நுழைகிறது. வளரும் மணியின் கருவில் நூலிழையாகத் தங்கி உறங்கிவிடுகிறது. குளிர்ச்சியும் ஈரமும் நிலவும் வானிலை இதற்குத் துணைபுரிகிறது. அந்த மணி முற்றி, திரண்டு, அறுவடைக்கு வருகிறது. எடையில் குறைவில்லை, நிறத்தில் மாற்றமில்லை, முளைப்புத்திறனிலும் குறிப்பிடத்தக்க பாதிப்பில்லை.

அறுவடை நாளில் களத்தில் நிற்பவருக்கு இந்த நோயின் தடயமே கிடைக்காது. கரித்தூள் பல வாரங்களுக்கு முன்பே பறந்துவிட்டது. வெறுங்காம்புகள் நல்ல கதிர்களிடையே மறைந்துவிடுகின்றன. குவியலில் இருப்பவை அனைத்தும் நல்ல மணிகளாகவே தெரிகின்றன. அடுத்த ஆண்டு விதை முளைக்கும்போது உள்ளிருக்கும் பூஞ்சையும் விழித்து, குருத்தின் வளரும் நுனியைத் தொடர்ந்து மேலேறி, கதிர் உருவாகும் இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது.

இழப்பைக் கணக்கிடுவது எளிது. கரியான கதிர் ஒரு மணியும் தருவதில்லை. எனவே 100 கதிர்களில் 2 கரியாக இருந்தால் விளைச்சலில் ஏறத்தாழ 2 விழுக்காடு போயிற்று. ஓர் ஆண்டில் இது பெரிய இழப்பாகத் தோன்றாது. அதனாலேயே பலர் பொருட்படுத்துவதில்லை. நேர்த்தி செய்யாத சொந்த விதையை ஆண்டுதோறும் விதைத்து, பூக்கும் காலத்து வானிலையும் நோய்க்குச் சாதகமாக அமைந்தால், விழுக்காடு ஏறிக்கொண்டே போகும்.

விதைச்சான்று விதிகள் இந்த நோயை எவ்வளவு கடுமையாகக் கருதுகின்றன என்பதற்கு ஒரு விவரம் போதும். கோதுமை விதைப்பண்ணைக்கும் வேறு ரகக் கோதுமை வயலுக்கும் இடையே 3 மீட்டர் இடைவெளி இருந்தால் இனத்தூய்மைக்குப் போதுமானது. ஆனால் வரம்புக்கு மேல் உதிரிக் கரிப்பூட்டை உள்ள வயல் அருகில் இருந்தால் இடைவெளி 150 மீட்டராக உயர்கிறது. விதைப்பண்ணையிலேயே ஆதார விதைக்கு 0.10 விழுக்காடு, சான்று விதைக்கு 0.50 விழுக்காடு வரைதான் கரியான கதிர்கள் அனுமதிக்கப்படுகின்றன.

வெந்நீர், வெயில், கார்பாக்சின்

கருவுக்குள் இருக்கும் பூஞ்சையை, கருவைக் கொல்லாமல் அழிப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு முதல் விடை தந்தவர் டென்மார்க்கின் ஜே. எல். ஜென்சன். விதையை முதலில் சாதாரண நீரில் ஊறவைத்து, பின்னர் 50 டிகிரி செல்சியசைச் சற்றுத் தாண்டிய வெந்நீரில் சில நிமிடங்கள் வைக்கும் முறையை 1880களின் இறுதியில் அவர் உருவாக்கினார். முறை பலித்தது, ஆனால் ஓரிரு டிகிரி கூடினால் விதை செத்தது, குறைந்தால் பூஞ்சை பிழைத்தது. வெப்பமானி இல்லாத சிற்றூரில் இதை நம்பி இறங்க முடியாது.

பஞ்சாபில் இதற்கு ஓர் எளிய மாற்று பிறந்தது. லயால்பூர் வேளாண் கல்லூரியில் பணியாற்றிய லூத்ராவும் சத்தாரும் 1934இல் வெளியிட்ட வெயில் முறை அது. (லயால்பூர் இன்று பாகிஸ்தானின் பைசலாபாத்.) மே அல்லது ஜூன் மாதத்தில், மேகமற்ற நாளில், காலை 8 மணி முதல் நண்பகல் வரை விதையை நீரில் ஊறவைக்க வேண்டும். பின்னர் நீரை வடித்து, சுட்டெரிக்கும் தரையில் மெல்லிய படலமாகப் பரப்பி மாலைவரை உலர்த்த வேண்டும். ஊறும்போது உறங்கும் பூஞ்சை விழித்துக்கொள்கிறது. விழித்த நிலையில் வெப்பத்தைத் தாங்க அதற்கு வலுவில்லை. நன்றாகக் காய்ந்த விதையை நவம்பர் வரை சேமித்துவைக்கலாம். செலவு என்று சொல்ல எதுவும் இல்லை. மருந்தில்லா வேளாண்மை செய்வோருக்கு இன்றும் பரிந்துரைக்கப்படுகிறது. மே மாத வெயில் உள்ள நாட்டில்தான் இப்படியொரு முறை உருவாகியிருக்க முடியும்.

1966இல் அறிமுகமான கார்பாக்சின், முளைக்கும் செடியின் உள்ளே ஊடுருவிச் செல்லக்கூடிய பூஞ்சைக்கொல்லி. கருவுக்குள் இருக்கும் பூஞ்சையை உலர் மருந்தால் தொடுவது அதன்பிறகே இயன்றது. இன்று ஒரு கிலோ விதைக்கு 75 விழுக்காடு வீரியமுள்ள கார்பாக்சின் தூள் 2.5 கிராம், அல்லது கார்பன்டாசிம் 2.5 கிராம், அல்லது 2 விழுக்காடு வீரியமுள்ள டெபுகோனசோல் தூள் 1 கிராம் என்பது வழக்கமான பரிந்துரை. டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கிலோவுக்கு 4 கிராம் சேர்த்தால் கார்பாக்சினைப் பாதியாகக் குறைக்கலாம். ஏக்கருக்கு 40 கிலோ விதை எனக் கொண்டால், தேவைப்படும் கார்பாக்சின் 100 கிராம்தான்.

கர்னால் பெயரைச் சுமக்கும் நோய்

விதை நேர்த்தி செய்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று சொல்லிவிட முடியாத நோய் கர்னால் பன்ட். ஹரியானாவின் கர்னாலில் கிடைத்த கோதுமை மாதிரிகளிலிருந்து மித்ரா என்ற ஆய்வாளர் 1931இல் இதை முதன்முதலாக விவரித்தார். நாட்டின் கோதுமை, வாற்கோதுமை ஆராய்ச்சி நிறுவனம் அமைந்துள்ள நகரம், அயல்நாடுகளின் தாவரத் தடைப் பட்டியல்களில் ஒரு நோயின் பெயராக அறியப்படுவது சற்று அநீதிதான்.

டில்லெஷியா இண்டிகா என்ற இந்தப் பூஞ்சை, மண்ணில் சில ஆண்டுகள் உயிர்ப்புடன் கிடக்கக்கூடியது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கதிர் வெளிவரும் வேளையில் மேகமூட்டமும் தூறலும் குளிர்ச்சியும் சேர்ந்தால், மண்ணின் மேற்பரப்பில் முளைத்து நுண்வித்துகளை வெளிவிடும். அவை காற்றிலும் மழைத்துளியிலும் ஏறிக் கதிரை அடைகின்றன. உதிரிக் கரிப்பூட்டையைப்போல் முழுக்கதிரையும் இது அழிப்பதில்லை. ஒரு கதிரில் சில மணிகள் மட்டும், அந்த மணிகளிலும் பெரும்பாலும் ஒரு பகுதி மட்டும், கருந்தூளாக மாறுகின்றன. வயலில் நின்று பார்த்தால் கண்டுபிடிப்பது கடினம். கதிரடித்த பிறகே தெரியவரும்.

விளைச்சல் இழப்பு பொதுவாகக் குறைவு. பாதிப்பு தரத்தில்தான். பூஞ்சை உண்டாக்கும் டிரைமெத்தில் அமீன் என்ற வேதிப்பொருளின் மீன்வாடை மாவில் ஏறுகிறது. 100 மணிகளில் 3 பாதிக்கப்பட்டிருந்தாலே ரொட்டியின் சுவையும் மணமும் கெட்டுவிடும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. உண்பவருக்கு நஞ்சாக அமைவதில்லை.

இருந்தும் உலக வணிகத்தில் இதற்கு இருக்கும் மதிப்பு வேறு. 1972இல் மெக்சிகோவில் தென்பட்டது. 1996இல் அமெரிக்காவின் அரிசோனாவில் கண்டறியப்பட்டபோது அந்நாட்டு அரசு உடனடியாகத் தாவரத் தடை விதித்தது. இந்த நோய் தங்கள் மண்ணில் இல்லை என்று கருதும் நாடுகள், பூஞ்சையற்றது என்ற சான்று இல்லாமல் சரக்கைப் பெறத் தயங்குகின்றன. ஆகவே ஒரு சில மணிகளின் கருமை, கப்பல் சரக்கு ஒன்றின் விதியையே தீர்மானிக்கக்கூடும்.

விதை நேர்த்தி, விதையோடு ஒட்டிவரும் பூஞ்சையைக் குறைத்துப் புதிய வயலுக்கு நோய் பரவுவதைத் தடுக்க உதவும். ஏற்கெனவே மண்ணில் இருக்கும் பூஞ்சை நான்கு மாதங்களுக்குப் பின் கதிரைத் தாக்குவதைத் தடுக்க அதனால் ஆகாது. விதைப்பண்ணைகளில் கதிர் வெளிவரும் நேரத்தில் புரோபிகோனசோல் மருந்தை லிட்டருக்கு 1 மில்லி வீதம் தெளிக்கப் பரிந்துரைக்கப்படுவது இதனால்தான். அந்த வாரங்களில் தேவைக்கு மேல் நீர் பாய்ச்சுவதும் நோய்க்குத் துணைபோகும். சான்று விதையில் பாதிக்கப்பட்ட மணிகள் 0.25 விழுக்காட்டையும், ஆதார விதையில் 0.05 விழுக்காட்டையும் தாண்டக்கூடாது. விதைப் பரிசோதனைக் கூடங்களில் மாதிரியைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு நாள் ஊறவைக்கின்றனர். தோல் வெளிறி, பூஞ்சையுள்ள பகுதி மட்டும் கறுப்பாகத் தெரியும். உதிரிக் கரிப்பூட்டைக்கு இந்த வழி உதவாது. கருவைத் தனியே பிரித்தெடுத்து, சாயமேற்றி, உருப்பெருக்கியில் பூஞ்சை இழைகளைத் தேட வேண்டும்.

முளையிலேயே கருகும் பயிர்

கரிப்பூட்டை நோய்கள் கதிர்வரை காத்திருக்கின்றன. வேறு சில பூஞ்சைகளுக்கு அந்தப் பொறுமை இல்லை. கிழக்கு உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம் ஆகிய வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் பைப்போலாரிஸ் சொரோகினியானா முக்கியமானது. மணியின் கரு இருக்கும் முனை கறுத்துப்போவதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. இந்த விதை முளைக்கும்போது, முளையை மூடிய உறையிலும் வேரிலும் பழுப்பு நிறக் கீறல்கள் தோன்றுகின்றன. சில முளைகள் மண்ணைத் துளைத்து வெளிவருவதற்குள் மடிகின்றன. தப்பியவை மஞ்சளாகித் தளர்ந்து நிற்கும். பின்னாளில் இதே பூஞ்சை இலைப்புள்ளி நோயாகவும் மேலெழும்.

நெல் அறுவடைக்குப் பின் உடனடியாகக் கோதுமை விதைக்கும் வயல்களில் ஸ்கிலரோஷியம் ரோல்ப்சி என்ற மண்வாழ் பூஞ்சை அடித்தண்டை அழுகச் செய்கிறது. தமிழ்நாட்டில் நிலக்கடலைத் தண்டழுகலுக்குக் காரணமான அதே பூஞ்சை. வாடிய இளம்பயிரைப் பிடுங்கினால் அடியில் வெண்ணூல் படலமும், கடுகு போன்ற உருண்டைகளும் தெரியும். மண் இன்னும் சூடாக இருக்கும்போதே விதைத்தாலோ, மட்காத வைக்கோல் நிறைய இருந்தாலோ பாதிப்பு கூடும். இலைகளில் கருஞ்சாம்பல் கோடுகளாகத் தோன்றி, செடியை முறுக்கிக் குட்டையாக்கும் இலைக் கரிப்பூட்டையும் மண்வழியே வரக்கூடியது. ஆழமாக விதைத்தால் முளை மண்ணுக்குள் அதிக நாள் தங்கி, இத்தகைய பூஞ்சைகளுக்கு எளிதில் இரையாகிறது. 5 சென்டிமீட்டர் ஆழம் போதுமானது.

எல்லை தாண்டிய குலை நோய்

விதையோடு பூஞ்சை எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதற்குக் கோதுமைக் குலை நோயே அண்மைக்கால எச்சரிக்கை. நெல்லின் குலை நோய் தமிழக விவசாயிகள் அறிந்ததே; அதே பூஞ்சையின் வேறொரு கிளை கோதுமையைத் தாக்குகிறது. 1985இல் பிரேசிலின் பரானா மாநிலத்தில் கண்டறியப்பட்ட இந்நோய், பல ஆண்டுகள் தென் அமெரிக்காவுக்குள் இருந்தது. 2016இல் வங்கதேசத்தில் திடீரெனத் தோன்றி, சுமார் 15,000 ஹெக்டேரைப் பாதித்தது. அங்கு எடுக்கப்பட்ட பூஞ்சையின் மரபணு, தென் அமெரிக்க வகையோடு ஒத்திருந்தது. இடையில் பெருங்கடல் இருக்கும்போது காற்று இதைக் கொண்டுவந்திருக்க முடியாது. இறக்குமதியான தானியத்தின் மீதே ஐயம் விழுந்தது.

எல்லைக்கு இப்பால் மேற்கு வங்கத்தின் நாதியா, முர்ஷிதாபாத் மாவட்டங்களிலும், வங்கதேச எல்லையையொட்டிய 5 கிலோமீட்டர் பகுதியிலும் கோதுமை பயிரிடுவது நிறுத்திவைக்கப்பட்டது. கோதுமை விடுமுறை என்ற பெயரில் அறியப்படும் இந்த நடவடிக்கையின்போது விவசாயிகள் பருப்பு, எண்ணெய்வித்துப் பயிர்களுக்கு மாற அறிவுறுத்தப்பட்டனர். சிறு விவசாயிக்கு அது எளிய மாற்றம் அன்று. மறுபுறம், கங்கைச் சமவெளியின் கோதுமை வயல்கள் அங்கிருந்து மேற்கே இடைவெளியின்றித் தொடர்கின்றன.

விதையைக் கையாளும்போது

சொந்த விதையைப் பயன்படுத்துவோர், விதைக்கென ஒரு பகுதியைக் கதிர் வெளிவரும் பருவத்திலேயே ஒதுக்கிவிடுவது நல்லது. கரியான கதிர் தெரிந்தவுடன், தூள் பறக்காதபடி காகித அல்லது பிளாஸ்டிக் பையால் மூடி, அதன் பிறகே வெட்டி எடுத்து எரிக்கவோ ஆழமாகப் புதைக்கவோ வேண்டும். திறந்த கையால் பிடுங்கி வரப்பில் வீசுவது, நோயை நாமே தூவுவதற்குச் சமம். அறுவடைக்குப் பின் சேமிக்கும் விதையின் ஈரப்பதம் 12 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் சேமிப்புக்காலப் பூஞ்சைகள் முளைப்புத்திறனைத் தின்றுவிடும். விதைப்பதற்கு முன் மருந்தையும் விதையையும் உருளும் டிரம்மில் இட்டுச் சுழற்றினால் ஒவ்வொரு மணியிலும் சீராகப் படியும். கையுறையும் முகமூடியும் அவசியம். மருந்தின் அளவைப் பொட்டலத்தில் அச்சிட்டுள்ளபடியே பின்பற்ற வேண்டும்.

நேர்த்தி செய்த விதையில் மிஞ்சியது குறித்துத் தனியே சொல்லவேண்டியுள்ளது. 1971இல் ஈராக்குக்கு, மெத்தில் பாதரசம் கலந்த பூஞ்சைக்கொல்லி பூசிய விதைக் கோதுமை மெக்சிகோவிலிருந்து வந்தது. பல ஊர்களுக்கு அது போய்ச்சேர்ந்தபோது விதைப்புக்காலம் முடிந்திருந்தது. மூட்டைகளில் இருந்த எச்சரிக்கை, உள்ளூர் மக்கள் படிக்க முடியாத மொழியில் இருந்தது. சிவப்புச் சாயத்தைக் கழுவினால் நஞ்சும் போய்விடும் என நம்பியவர்களும் உண்டு. விதையை அரைத்து ரொட்டி சுட்டனர். பாதரச நஞ்சு உடனடியாக வேலை செய்யாததால், பல வாரங்கள் உண்ட பிறகே கைகால் மரத்தல், பார்வை இழப்பு, நடைத் தடுமாற்றம் ஆகியவை தெரிந்தன. மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோர் 6,530 பேர். அங்கே இறந்தோர் 459 பேர்.

இன்று கோதுமை விதைக்குப் பரிந்துரைக்கப்படும் மருந்துகளில் பாதரசம் இல்லை. ஆயினும் நேர்த்தி செய்த விதை உணவுமன்று, தீவனமுமன்று. அன்றைக்கு விதைக்கும் அளவுக்கு மட்டுமே மருந்து கலக்க வேண்டும். மிஞ்சியதை வீட்டுத் தானியத்தோடு சேர்க்காமல், அதைக் கலந்த டிரம்மையும் சாக்கையும் வேறெதற்கும் எடுக்காமல், குழந்தைகளும் கோழிகளும் ஆடுமாடுகளும் அணுகாத இடத்தில் தனியே அடையாளமிட்டு வைக்க வேண்டும்.